ஏலத்தை இயந்திரத்திடம் விட்ட சிறுவணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரவு பத்தே முக்காலுக்குக் கோயம்புத்தூரில் ஒருவர் கைப்பேசியில் ‘சுங்குடிச் சேலை’ என்று தட்டுகிறார். திரையில் பதில் விழுவதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. அந்த ஏலத்தில் உங்கள் கடையின் பெயரிலும் ஒரு தொகை கேட்கப்படுகிறது. அது ஆறு ரூபாயா, நாற்பது ரூபாயா என்று உங்களுக்குத் தெரியாது. கேட்டவர் நீங்கள் இல்லை. ‘தானாக ஏலம் கேட்கட்டும்’ என்று உங்கள் கணக்கில் என்றோ ஒரு நாள் தெரிவுசெய்து வைத்த அமைப்பு கேட்கிறது. தேடியவர் எந்த ஊர், எந்தப் போன், மணி என்ன, என்ன மொழி, இதற்கு முன் உங்கள் தளத்துக்கு வந்துபோனவரா என்பதையெல்லாம் பார்த்து, இவர் வாங்க வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டு, அந்த வாய்ப்பை ஓர் ஆர்டரின் மதிப்போடு பெருக்கி, அதற்கேற்ற தொகையைக் கேட்கிறது. அடுத்த தேடலுக்கு வேறொரு தொகை. இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் பார்ப்பவர் விரலால் தள்ளும் இரண்டு தள்ளலுக்கு நடுவில் இன்னொரு நிறுவனத்தின் இயந்திரம் இதே வேலையை உங்கள் பணத்தில் செய்துகொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கைக் கையால் போட முடியாது. சொல்லுக்குச் சொல் ஒரு தொகை எழுதிவைத்து, வாரக் கடைசியில் ஐம்பது காசு கூட்டி ஐம்பது காசு குறைத்த காலம் முடிந்துவிட்டது. கூகுள் 2007-இல் ‘கன்வெர்ஷன் ஆப்டிமைசர்’ என்று தொடங்கியது, 2016 முதல் ‘ஸ்மார்ட் பிட்டிங்’ ஆயிற்று. 2021-இல் வந்த ‘பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ்’ தேடல், யூடியூப், ஜிமெயில், மேப்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பட்ஜெட்டை வாங்கித் தானே பங்கிட்டுக்கொள்கிறது. மெட்டா 2022-இல் கொண்டுவந்த ‘அட்வான்டேஜ் பிளஸ்’ ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அதையே செய்கிறது. இவற்றை மூடிவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பச் சொல்ல இந்த மடல் எழுதப்படவில்லை. கூட்டல் பெருக்கலில் இயந்திரம் உங்களைவிடக் கெட்டி. ஆனால் உங்கள் கடையில் எது விற்பனை, எது விற்பனை போலத் தெரிவது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லவேண்டியவர் நீங்கள். சொல்லாமலே பணப்பையைக் கொடுத்துவிட்டவர்கள் உங்களில் பலர். அவர்களுக்காகத்தான் இவ்வளவும்.

எதை ‘வெற்றி’ என்று காட்டுகிறீர்களோ அதையே இயந்திரம் தேடிப் பிடிக்கும். வழக்கமான கடைத் தளத்தில் ‘உங்கள் ஆர்டர் கிடைத்தது, நன்றி’ என்ற பக்கம் திறந்த கணமே ஒரு கன்வெர்ஷன் பதிவாகிறது. எல்லாரும் முன்பணம் கட்டி வாங்கும் நாட்டில் இதனால் பெரிய கேடு இல்லை. பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் பழக்கம் வேரூன்றிய இந்தியாவில், அந்தப் பக்கம் திறந்ததற்கும் கல்லாவில் பணம் விழுந்ததற்கும் நடுவே ஒரு வாரமும் ஒரு கூரியர் பையனும் ஒரு சாத்திய கதவும் இருக்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். சேலை விலை 1,200 ரூபாய். அடக்கம் 720. பெட்டிக்கும் கூரியருக்கும் 100. விற்பனை வரியை ஒதுக்கிவைத்தால் கையில் நிற்பது 380. பத்து ஆர்டர் பிடிக்க விளம்பரத்துக்கு 3,000 ஆயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டு என்ன காட்டும்? 3,000 போட்டு 12,000-க்கு விற்பனை, நான்கு மடங்கு. விளம்பரத் தொழிலில் ‘ரோஆஸ்’ என்று சொல்லப்படும் எண் இதுதான். அந்தப் பத்தில் மூன்று பொட்டலங்கள் ‘ஆள் இல்லை’, ‘வேண்டாம் என்கிறார்’ என்ற குறிப்போடு திரும்பி வருகின்றன. நின்ற ஏழு சேலைக்கு 380 வீதம் 2,660. திரும்பிய மூன்றுக்குப் போக வரக் கூரியர் 180 வீதம் 540. 2,660-இல் 540-ஐயும் 3,000-ஐயும் கழித்தால் 880 ரூபாய் நஷ்டம். கஞ்சி மடிப்பு கலைந்து வந்த சேலையைப் பிரித்து, நீவி, இஸ்திரி போட்டு மறுபடி மடித்த கூலி இதில் சேரவில்லை. விளம்பர பில்லின் மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரவில்லை. காம்போசிஷன் முறையில் வரி கட்டுபவர் அதை எங்கும் கழித்துக்கொள்ள முடியாது, முழுக்கச் செலவாகவே எழுத வேண்டும்.

நஷ்டம் 880-ஓடு நின்றால்கூடத் தாங்கலாம். நிற்காது. திரும்பிய அந்த மூன்றையும் இயந்திரம் வெற்றி என்றே படித்திருக்கிறது. அந்த மூவரைப் போன்றவர்கள் யார், எந்த நேரத்தில் எதைப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு அடுத்த வாரம் அவர்களையே கூடுதலாகத் தேடுகிறது. அப்படிப்பட்டவர்கள் ஏலத்தில் மலிவாகவும் கிடைப்பார்கள். திரும்பி வந்த கணக்கைத் தன் இயந்திரத்துக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த போட்டியாளர் அவர்களுக்குக் குறைவாகத்தான் கேட்பார். சொல்லிக்கொடுக்காத உங்கள் பக்கம் அவர்கள் வந்து குவிவார்கள். ஆர்டர் எண்ணிக்கை கூடும், ஓர் ஆர்டருக்கான விளம்பரச் செலவு குறையும், டாஷ்போர்டு அழகாக இருக்கும், கடை மட்டும் மெலியும். சரக்கு நன்றாக இருந்தும் ‘ஆன்லைன் நமக்கு ஒத்துவரவில்லை’ என்று தறிக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தோடு பின்வாங்குபவர்களின் கதை பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது. அது வருத்தம் தருவது. தவிர்த்திருக்கக் கூடியது என்பதால் இன்னும் வருத்தம்.

வாட்ஸ்அப்பில் விற்பவர்களுக்கு இதே நோய் வேறு வடிவில் வரும். விளம்பரத்தைத் தொட்டதும் உரையாடல் திறக்கிறது. ‘உரையாடல் தொடங்கியது’ என்பதே வெற்றியாகப் பதிவாகிறது. பணம் அதற்குப் பிறகு யுபிஐ-யில் வருகிறது, அதை விளம்பர இயந்திரம் பார்ப்பதே இல்லை. எனவே பேசத் தொடங்குபவர்களை அது மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கும். ‘ரேட்?’, ‘எவ்ளோ?’, ‘வேற கலர்?’ என்று கேட்டுவிட்டு மறைந்துபோகும் இருநூறு பேருக்குப் பதில் தட்டியே உங்கள் வீட்டில் ஒருவருடைய நாள் போய்விடும். அவர்கள்மேல் குற்றமில்லை. வாங்குபவரைத் தேடு என்று இயந்திரத்திடம் யாரும் சொல்லவில்லை, பேசுபவரைத் தேடு என்றுதான் சொல்லப்பட்டது.

இதைத் திருத்த வழி இருக்கிறது. அதுவும் இப்போதே இருக்கிறது. கூகுளில் பதிவான ஒரு கன்வெர்ஷனை 55 நாட்களுக்குள் திரும்பப் பெறலாம், அல்லது அதன் மதிப்பை மாற்றலாம். திரும்பி வந்த ஆர்டர் எண்களை வாரம் ஒரு முறை ஒரு கோப்பாக ஏற்றினால் போதும். மெட்டாவில், நன்றிப் பக்கத்தை நம்பாமல் உங்கள் சர்வரிலிருந்தே நிகழ்வை அனுப்பும் வழி உண்டு. இங்கே ஒரு சிக்கலையும் பார்க்க வேண்டும். விளம்பரத்தைச் சொடுக்கிய 7 நாட்களுக்குள் நடப்பதைத்தான் மெட்டா வழக்கமாக அந்த விளம்பரத்தின் கணக்கில் சேர்க்கும். சேலை கைக்குப் போனபின்தான் நிகழ்வை அனுப்புவது என்று வைத்தால், போய்ச் சேர ஒன்பது நாள் ஆகும் ஊர்களை இழந்துவிடுவீர்கள். அதற்கு நடுவழி, ஆர்டர் வந்ததும் ஒரு போன் போட்டு உறுதிசெய்துகொண்டு, உறுதியானதை மட்டும் அனுப்புவது. அந்த ஒரு போன் திரும்பும் பொட்டலங்களையும் குறைக்கும்.

மதிப்பு என்ற கட்டத்தில் எதை எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். விற்பனை விலையை எழுதினால் இயந்திரம் விலை கூடிய சரக்கின் பின்னால் ஓடும். 3,000 ரூபாய்ப் பட்டுப் பருத்திச் சேலையில் தள்ளுபடி போக 300 தான் நிற்கிறது, 1,200 ரூபாய்ச் சுங்குடியில் 380 நிற்கிறது என்றால், விலையைப் பார்க்கும் இயந்திரம் முதலாவதற்கு இரண்டரை மடங்கு கூடுதலாகக் கேட்கும். உங்களுக்கோ இரண்டாவதுதான் சோறு போடுகிறது. விலைக்குப் பதிலாக லாபத்தை மதிப்பாக அனுப்புங்கள். அப்போது ரோஆஸ் ஒன்று என்றால் போட்டது வந்தது, ஒன்றுக்குக் கீழே என்றால் கைநஷ்டம். நான்கு மடங்கா, ஐந்து மடங்கா என்ற குழப்பத்துக்கே இடமிருக்காது.

இதுவரை சொன்னது ஒரே இயந்திரத்தோடு உள்ள வழக்கு. நீங்கள் பணம் போடுவது ஒன்றில் இல்லை. கூகுளில் கொஞ்சம், மெட்டாவில் கொஞ்சம், அமேசானிலோ ஃபிளிப்கார்ட்டிலோ கடை இருந்தால் அங்கே கொஞ்சம். ஒவ்வொன்றும் தன் வேலிக்குள் நடப்பதை மட்டும் பார்க்கிறது. ஒருவர் செவ்வாய்க்கிழமை இன்ஸ்டாகிராமில் உங்கள் ரீல்ஸைப் பார்த்து உள்ளே வருகிறார், வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை கூகுளில் உங்கள் கடைப் பெயரைத் தட்டி, மேலே தெரியும் விளம்பரத்தைச் சொடுக்கி வாங்குகிறார். 7 நாள் கணக்கில் மெட்டா அந்த ஆர்டரைத் தனதென்று எழுதும். வழக்கமாக 30 நாள் பார்க்கும் கூகுளும் தன் பங்கை எழுதிக்கொள்ளும். மூன்று டாஷ்போர்டையும் கூட்டினால் 140 ஆர்டர் வருகிறது, கூரியர் பட்டியலில் 95 தான் இருக்கிறது என்றால் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே ஆர்டரை இருவர் தம் பேரேட்டில் எழுதியிருக்கிறார்கள். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்து, பயனரிடம் கேட்காமல் செயலிகள் பின்தொடரக் கூடாது என்று ஆப்பிள் தடுத்த பிறகு, அந்தப் பேரேடுகளின் ஒரு பகுதி நேரில் பார்த்து எழுதப்படுவதில்லை, மதிப்பிட்டு எழுதப்படுகிறது. எனவே எந்த இயந்திரத்தின் சொல்லையும் வைத்து இன்னோர் இயந்திரத்தின் பட்ஜெட்டை வெட்டாதீர்கள். வெட்டவோ கூட்டவோ உங்களிடம் இருக்கவேண்டிய சான்று, பின்கோடு வாரியாகப் பிரித்த உங்கள் கூரியர் பட்டியல்.

உங்கள் பெயரையே தட்டித் தேடி வருபவர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர் ஏற்கெனவே உங்களைத் தேடி வருகிறார். அவருக்கு விளம்பரம் காட்டினால் மிகக் குறைந்த செலவில் ஆர்டர் பதிவாகும். அந்த மலிவைப் பார்த்து இயந்திரம் அங்கேயே பணத்தைக் கொட்டும். ஈபே 2012 மார்ச்சில் யாஹூவிலும் எம்எஸ்என்-இலும் தன் பெயர் கொண்ட தேடல்களுக்கான விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியே வந்திருக்கவேண்டிய கிளிக்குகளில் 99.5 சதவீதம், கீழே காசில்லாமல் தெரியும் தேடல் முடிவின் வழியே அப்படியே வந்து சேர்ந்தன. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் மூவரும் இந்தச் சோதனையை 2015-இல் ‘எகனாமெட்ரிகா’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஈபே ஊரறிந்த பெயர், உங்கள் கடை அப்படி இல்லை என்பது உண்மைதான். உங்கள் பெயரில் போட்டியாளர் விளம்பரம் வைத்திருந்தால் கதை மாறும் என்பதும் உண்மை. ஆகவே ஈபேயைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஈபேயைப் போலச் சோதித்துப் பாருங்கள். பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸில் உங்கள் பெயரை விலக்கிவைக்கும் வசதி 2023 முதல் இருக்கிறது. அதைப் போட்டபின் அந்த விளம்பரத்தின் ரோஆஸ் எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவும் உங்களைத் தேடி வந்தவர்களால் கிடைத்த பெயர்.

பட்ஜெட்டைப் பங்கிடுவதில் நல்ல வியாபாரிகளே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கூகுளில் முதல் 10,000 ரூபாய் 60,000-க்கு விற்பனை தருகிறது. அடுத்த 10,000 போட்டால் மேலும் 15,000 தான் வருகிறது. மெட்டாவில் முதல் 10,000 தருவது 30,000. அடுத்த 10,000 தருவது 25,000. இரண்டிலும் 20,000 போட்டிருப்பவர் டாஷ்போர்டைத் திறந்தால் கூகுள் 3.75 மடங்கு, மெட்டா 2.75 மடங்கு என்றுதான் தெரியும். மாதம் 30,000 தான் முடியும், எங்கே குறைக்கலாம் என்று கேட்டால் எல்லார் விரலும் மெட்டாவை நோக்கியே போகும். மெட்டாவில் 10,000 குறைத்தால் மொத்த விற்பனை 1,05,000. கூகுளில் 10,000 குறைத்தால் 1,15,000. சராசரி நன்றாக இருக்கும் இடத்தில் குறைத்ததால்தான் பத்தாயிரம் மிஞ்சியது.

பார்க்கவேண்டியது சராசரியை இல்லை, கடைசியாகப் போட்ட ஆயிரம் என்ன கொண்டுவந்தது என்பதை. எங்கெங்கே கடைசி ஆயிரம் ஒரே அளவு லாபம் தருகிறதோ, அங்கேதான் பங்கீடு சரியாக நிற்கிறது. அதற்கு முன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த ஏதோ மிச்சமிருக்கிறது. கூகுள் தன் வேலிக்குள் தேடலுக்கும் யூடியூபுக்கும் இடையே இந்தக் கணக்கைப் போட முயல்கிறது, மெட்டாவும் தன் வேலிக்குள் முயல்கிறது. வேலிகளுக்கு இடையே போட யாரும் இல்லை. கூகுளின் இயந்திரம் ‘இந்த ஆயிரத்தை மெட்டாவுக்குக் கொடுங்கள்’ என்று சொல்லப் போவதில்லை. அந்த ஓர் இடம் உங்களுடையது, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். கடைசி ஆயிரம் தந்ததைக் கண்டுபிடிக்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஓர் இடத்தில் பட்ஜெட்டை இருபது சதவீதம் கூட்டி, மற்றவற்றைத் தொடாமல், மூன்று வாரம் கழித்துக் கூரியர் பட்டியலில் மொத்தம் எவ்வளவு கூடியது என்று பாருங்கள். பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸில் எந்த வழியில் எவ்வளவு போனது என்று பிரித்துக் காட்டும் அறிக்கை 2025-இல்தான் வரத் தொடங்கியது; அதையும் திறந்து பாருங்கள்.

பட்ஜெட்டையும் இலக்கையும் ஒன்றாக நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ‘முடிந்த அளவு கன்வெர்ஷன்’ என்று இலக்கு எதுவும் கொடுக்காமல் விட்டால், கொடுத்த பட்ஜெட் முழுவதையும் செலவழிப்பதே இயந்திரத்தின் கடமை. மழை கொட்டும் நாளில், வாங்குபவர் குறைந்த நாளில், அதே பட்ஜெட்டை முடிக்க அது கூடுதல் விலைக்கு ஏலம் கேட்கும். ஓர் ஆர்டருக்கு இவ்வளவு, அல்லது இத்தனை மடங்கு என்று இலக்கு கொடுத்தால், அந்த விலைக்குக் கிடைக்காதபோது பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளும். இலக்கு கொடுத்தபின் செலவு குறைந்தால் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். வேண்டாததை வாங்காமல் விட்டிருக்கிறது. தினம் 500 ரூபாய் என்று எழுதியிருந்தும் ஒரு நாள் 1,000 போவதைப் பார்த்துச் சண்டைக்குப் போகவும் வேண்டாம். கூகுள் 2017 முதல் ஒரு நாளில் இரு மடங்கு வரை எடுக்கும், மாதத்துக்கு அந்த 500-இன் 30.4 மடங்கைத் தாண்டாது.

சிறு கடைக்கு இன்னொரு கஷ்டம், இயந்திரம் படிக்கப் பாடம் போதாமை. ஒரு விளம்பரத் தொகுப்பு வாரத்துக்கு ஏறத்தாழ 50 வெற்றியைப் பார்த்தால்தான் கற்கும் கட்டத்தைத் தாண்டும் என்று மெட்டாவே சொல்கிறது. தினம் 1,000 ரூபாயை இருநூறு இருநூறாக ஐந்து தொகுப்பில் பிரித்து வைத்தால் ஐந்தும் பட்டினி கிடக்கும். ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். நாலு நாளைக்கு ஒரு முறை கை வைத்து மாற்றாதீர்கள்.

பண்டிகைக் காலத்தில் கை வைக்கத்தான் வேண்டும். ஆடித் தள்ளுபடியில் உள்ளே வந்த நூறு பேரில் ஆறு பேர் வாங்கினார்கள் என்றால், தள்ளுபடி முடிந்த மறுநாளும் ஆறு பேர் வாங்குவார்கள் என்று நம்பியே இயந்திரம் ஏலம் கேட்கும். அது உணர்ந்து இறங்குவதற்குள் சில நாட்களின் பணம் போய்விடும். கூகுளில் ஒரு நாள் முதல் ஏழு நாள் வரையிலான இப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே சொல்லும் வசதி உண்டு. தளம் பழுதாகி ஆர்டர் பதிவாகாமல் போன நாட்களைப் பாடத்திலிருந்து நீக்கவும் வசதி உண்டு. பதிவு அறுந்துபோன இரண்டு நாளை விற்பனையே இல்லாத இரண்டு நாளாக இயந்திரம் படித்துக்கொண்டால், அதன் பின் ஒரு வாரம் நல்ல வாடிக்கையாளருக்குக்கூடக் கேட்கத் தயங்கும்.

இந்த இயந்திரங்கள் யாருக்கு வேலை செய்கின்றன என்ற கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும். வில்லியம் விக்ரி 1961-இல் எழுதிய ஆய்வில் ஒரு வகை ஏலத்தை விளக்கினார்: அதிகம் கேட்டவருக்கே பொருள், ஆனால் அவர் தருவது அடுத்தவர் கேட்ட தொகையை. அந்த ஏலத்தில் மனத்தில் உள்ள மதிப்பை அப்படியே சொல்வதுதான் லாபம். கூகுள் 2002 முதல் தேடல் விளம்பரத்தில் இதற்கு நெருக்கமான முறையை வைத்திருக்கிறது. உங்களுக்குக் கீழே நிற்பவரைத் தாண்டத் தேவையான அளவே வாங்கும். மற்றவர் தளங்களில் இடம் விற்கும் தன் ஏலத்தை 2019-இல் கேட்டவர் கேட்டதையே தரும் முறைக்கு மாற்றியது. தேடலிலும் விலை கேட்பவர்களால் மட்டும் அமைவதில்லை. 2023 செப்டம்பரில் வாஷிங்டனில் கூகுள்மேல் நடந்த ஏகபோக வழக்கில், கூகுளின் விளம்பரப் பிரிவுத் துணைத் தலைவர் ஜெர்ரி டிஷ்லர் சாட்சியம் அளித்தபோது, ஏலத்தில் செய்த மாற்றங்களால் விலை 5 சதவீதம் கூடியிருக்கலாம், சில தேடல்களுக்கு 10 சதவீதம் வரை இருந்திருக்கலாம், அதை விளம்பரதாரர்களிடம் சொல்வது வழக்கமில்லை என்று ஒப்புக்கொண்டார். தேடலிலும் தேடல் எழுத்து விளம்பரத்திலும் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று அதே வழக்கில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார்.

இதனால் இயந்திரம் உங்களை ஏமாற்றுகிறது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஏலம் நடத்துபவரும், உங்களுக்காக ஏலம் கேட்பவரும், ஏலத்தில் நன்மை கிடைத்ததா என்று அறிக்கை எழுதுபவரும் ஒருவரே என்பதை மட்டும் மறக்காதீர்கள். நெல் மண்டியில் தரகரே எடை போட்டு அவரே விலை சொன்னால் பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் நிற்பார் அல்லவா? இங்கும் ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஆள் ஏஜென்சி என்று நினைக்கிறீர்கள். செலவழிக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கூலி வாங்கும் ஏஜென்சிக்கும் பட்ஜெட் கூடுவதே நல்லது. அவர்களில் நேர்மையானவர்கள் நிறைய உண்டு. நேர்மையைச் சோதிக்கும் கூலி முறையை அவர்கள்மேல் சுமத்தாமல், மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி முடியுங்கள். கணக்கில் ‘பரிந்துரைகளைத் தானாக ஏற்றுக்கொள்’ என்ற வசதி திறந்திருந்தால் மூடுங்கள். பட்ஜெட்டைக் கூட்டச் சொல்லும் பரிந்துரையை மறுத்தால் மதிப்பெண் குறையும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ‘வேண்டாம்’ என்று நீக்கினாலும் அந்த மதிப்பெண் ஏறத்தான் செய்யும். ஏலத்தில் உங்கள் இடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உங்களிடம் வேண்டிக்கொள்வது இவ்வளவே. விளம்பரக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், நீங்கள் நிர்வாகியாக இருக்கும்படி இன்றே மாற்றுங்கள்; ஏஜென்சி விலகினாலும் இத்தனை மாதம் உங்கள் பணத்தில் கற்ற பாடம் கடையோடு இருக்கும். திரும்பி வந்த ஆர்டர்களை வாரந்தோறும் கணக்கிலிருந்து நீக்குங்கள். விலைக்குப் பதில் லாபத்தை அனுப்புங்கள். அதன் பிறகு ஒரு சோதனை. ஆர்டர் எண்ணிக்கையில் ஏறக்குறைய ஒன்றாக நகரும் இரண்டு பகுதிகளைக் கூரியர் பட்டியலில் தேடுங்கள், கோவை வட்டாரமும் மதுரை வட்டாரமும் போல. ஒன்றில் ஒரு வழியின் விளம்பரத்தை முழுக்க நிறுத்தி, மற்றதில் அப்படியே விட்டு, இரண்டிலும் வந்த மொத்த ஆர்டரை, எந்த வழியில் வந்தது என்று பாராமல், எண்ணுங்கள். ஒரு வாரத்து எண்ணை நம்பாதீர்கள். இருபத்தைந்து பெரிய விளம்பரச் சோதனைகளை ஆராய்ந்த ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ் இருவரும், விற்பனை இயல்பாகவே ஏறி இறங்கும் அளவில் விளம்பரத்தின் பங்கு அமிழ்ந்துபோகிறது, பெரிய நிறுவனங்களுக்கே அதைப் பிரித்தெடுப்பது கடினம் என்று 2015-இல் காட்டினார்கள். சிறு கடைக்கு இன்னும் கடினம். ஆறு வாரமாவது விடுங்கள். நிறுத்திய பகுதியில் ஆர்டர் குறையவே இல்லை என்றால் அந்தப் பணம் அடுத்த வழிக்குப் போகட்டும். பாதியாகக் குறைந்தால் அந்த விளம்பரம் உண்மையாகவே உழைத்திருக்கிறது, தயங்காமல் கூட்டுங்கள்.

ஆடி விற்பனை ஓய்ந்து தீபாவளி ஆர்டர்கள் தொடங்குவதற்கு முன் அந்த ஆறு வாரம் கிடைக்கும். விலைகள் ஏறும் தீபாவளி ஏலத்துக்குப் பட்ஜெட்டைக் கூட்டுமுன் அதைச் செய்து முடித்துவிடுங்கள்.